கூந்தப்பாறையின் கண்

கூந்தப்பாறை உச்சியில் கேமரா வைத்த வருஷம் அந்த மலையில் யாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது வனவர் தவமணிதான். அதை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சந்தோஷப்படாமல் என்ன செய்வாள்? காக்கி போட்ட நாள் முதல் கோடை என்றால் அவளுக்கு ஓட்டம்தான். எங்கேயோ புகை என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மலையேற வேண்டும். ஏறிப் போய்ப் பார்த்தால் பாதிச் சரிவு கரியாகக் கிடக்கும். மிச்சத்தைப் பச்சைக் குழையால் அடித்து அடித்து அணைத்துவிட்டு இறங்கும்போது அடுத்த மலையில் புகையும். அப்படிப்பட்ட மலைக்கு ஒரு கண் வந்தது. உயரமான இரும்புக் கம்பத்தின் மேல் ஆள் தலை அளவில் ஒரு கறுப்பு உருண்டை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூடுபனி எது, புகை எது, மாடு கிளப்பும் புழுதி எது என்று பிரித்துச் சொல்லும். முதல் கோடையிலேயே ஒரு குடை அளவுக்குக்கூடப் படராத தீயை அது காட்டிக்கொடுத்தது. தவமணி போய் பூட்ஸ் காலால் மிதித்தே அதை அணைத்தாள். வீட்டுக்கு வந்து கணவனிடம், "இனிமே பங்குனி மாசத்துலயும் நான் வீட்டுச் சோறு சாப்பிடுவேன், பாருங்க," என்றாள்.

கண்ணை வைத்தது அரசாங்கம் இல்லை. பசுமுகில் என்றொரு கம்பெனி. மலையில் மூடிக் கிடந்த பழைய தேயிலை எஸ்டேட்டை அது குத்தகைக்கு எடுத்து, கிழக்குச் சரிவு முழுக்கத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரம் வளர்த்தது. மரத்தை வெட்டி விற்கவில்லை. மரம் நிற்பதையே விற்றது. எங்கேயோ வெளிநாட்டில் புகை கக்குகிற ஆலைகள், 'எங்கள் புகையை அந்த மலையில் மரங்கள் குடித்துவிடுகின்றன' என்று சொல்லிக்கொள்வதற்காகப் பணம் கொடுத்தன. மரம் எரிந்தால் வியாபாரம் போச்சு. அதனால் கம்பெனி கேமரா வைத்தது. தண்ணீர் கொட்டும் ஹெலிகாப்டர் ஒன்றை அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. தீயணைக்கக் குழுக்களை அமர்த்தியது. வனத்துறையும் இதையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. கோடைக்காலத்தில் எந்தத் தீக்கு யார் போவது என்பதைக் கண்தான் முடிவு செய்யும். மனுஷன் முடிவு செய்தால் தாமதம், குழப்பம், சிபாரிசு. கண்ணுக்கு அந்தச் சீக்கு எதுவும் கிடையாது. மேலே இருந்தவர்கள் சரி என்றார்கள்.

அந்தச் சரி என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தவமணிக்குப் புரிந்தது ஒரு பங்குனி மாத மத்தியானத்தில்.

அவள் அப்போது அடிவாரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். கம்பெனி இன்ஜினீயர் ரித்விக் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சென்னைப் பையன், மரியாதை தெரிந்தவன். மலைக்கு வந்த புதிதில் அட்டையைப் பார்த்து அலறியவனுக்குத் தவமணிதான் உப்புத் துணி கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் விழுந்தது. ஒன்று கிழக்கே, கம்பெனி மரங்களின் ஓரத்தில். இன்னொன்று மேற்கே, ஆறாம் நம்பர் லைனுக்குக் கீழே இருக்கும் புல்மேட்டில்.

ஆறாம் நம்பர் லைன் என்பது எஸ்டேட் காலத்துக் கூலி வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த அறைகள். எஸ்டேட்டை மூடிய அன்றைக்கே எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். போக இடம் இருந்தவர்கள் போனார்கள். இல்லாதவர்கள் அங்கேயே இருந்துகொண்டு, கீழே தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வந்தார்கள். பட்டா கிடையாது. கரண்டு இல்லை. ஆனால் குழந்தை குட்டியோடு இருந்தார்கள்.

திரையில் அம்புக்குறிகள் ஓடின. ஹெலிகாப்டர் கிழக்கே. கம்பெனிக் குழுக்கள் கிழக்கே. வனத்துறைக் குழுவும் கிழக்கே.

"மேற்குக்கு யாரு?" என்று கேட்டாள் தவமணி.

ரித்விக் ஏதோ தட்டிப் பார்த்தான். "யாரும் இல்ல மேடம். மேற்குல புல்லு மட்டும்தான்னு காட்டுது."

"லைன் வீடு இருக்கே."

"ஆளில்லாத கட்டடம்னு இருக்கு."

"ஆளில்லாத கட்டடமா? போன வாரம் அங்க உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சிட்டு வந்தேன் தம்பி. பேய் போட்டா குடுத்துச்சு?"

அவன் முகம் சிறுத்துவிட்டது. "எனக்குத் தெரியும் மேடம். அதுக்குத் தெரியாது. கம்பெனி குடுத்த மேப்ல அந்த வீடுங்க காலின்னுதான் இருக்கு. காலின்னு இருந்தாத்தான் குத்தகை செல்லும். இருக்காங்கன்னு போட்டா கேஸ் ஆகிடும்னு எடுத்துட்டாங்க."

"மாத்து."

"எனக்கு அந்த அனுமதி இல்ல மேடம்."

"யாருக்கு இருக்கு?"

அவன் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரைச் சொன்னான். அங்கே இப்போது விடியக்கூட இல்லை என்றான்.

தவமணி வெளியே வந்தபோது டிரைவர் நயினார் ஜீப்பைக் கிளப்பித் திருப்பி வைத்திருந்தார். அவர் கிழக்கே திருப்பவில்லை, மேற்கே திருப்பியிருந்தார். வாக்கி டாக்கியில் வந்த உத்தரவையெல்லாம் கேட்டிருக்கிறார். "ஏறுங்கம்மா," என்றார். அவளுடைய நாலு காவலர்களும் ஏற்கெனவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

மலை மேட்டில் வளரும் போதைப்புல் காய்ந்து பற்றினால் தீ ஆள் உயரத்துக்கு எழும். மேல்காற்று கிடைத்துவிட்டால் மனுஷன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அவர்கள் போனபோது அது லைனுக்குக் கீழே கடைசி மேட்டைத் தொட்டிருந்தது. லைன்காரர்களில் எஸ்தர் என்ற பெண்பிள்ளைதான் மற்றவர்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். முன்னாள் கொழுந்து பறிக்கிறவள், வாட்டசாட்டமானவள். குழந்தைகளை ஓடைக்கு அனுப்பிவிட்டு, பெண்களை வரிசையாக நிறுத்திப் புல்லைச் செதுக்க வைத்திருந்தாள். தவமணியைக் கண்டதும், "நீங்க மட்டுந்தானாக்கா?" என்று கேட்டாள்.

"நாங்க மட்டுந்தான்."

எஸ்தர் மண்வெட்டியை ஓங்கினாள். ஏறி வரும் தீக்குப் புல் மிஞ்சாதபடி, செதுக்கிய கோட்டிலிருந்து காவலர்கள் எதிர்த்தீ வைத்தார்கள். மற்றவர்கள் குழையால் அடித்தார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அது கிழக்கே போனது. பெண்கள் சேலைத் தலைப்பை வீசி வீசிக் கூப்பிட்டார்கள். பைலட்டுக்குக் கேட்டிருக்காது, கேட்டாலும் அவருக்கும் கண்தான் வழி சொல்கிறது.

லைனின் கடைசிப் பக்கத்தில் ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்தில் பொறி விழுந்து பிடித்தது. அங்கே எஸ்தரின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். "எங்கப்பா உள்ள கெடக்காவ!" என்று எஸ்தர் திரும்புவதற்குள் நயினார் உள்ளே போய்விட்டார். கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து இறக்கினார். கிழவரின் போர்வையை உதறி மடித்துக்கொடுத்தார். பிறகு ஜீப் டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். இருமினார். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீர் உள்ளே போகவில்லை.

லைன் தப்பியது. கிழவர் தப்பினார். நயினார் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறித் திணறி, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

துக்கத்துக்குப் பசுமுகில் கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. நயினாரின் மனைவி பேச்சியம்மாளிடம் கைகூப்பி, இவர் எங்களுக்கு ஒரு மாவீரர் என்றார். பேச்சியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஹெலிகாப்டர் அப்ப எங்க நின்னுச்சு சார்?"

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் மாலையைச் சரிசெய்தார்.

தவமணியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கிழக்கே போகச் சொல்லியும் மேற்கே போனது ஏன் என்று கேட்டார்கள். "ஆளு இருந்த பக்கம் போனேன்," என்றாள். மாவட்ட வன அலுவலர் நல்ல மனுஷர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் துணிச்சலுக்கு நான் சல்யூட் அடிக்கறேன் தவமணி. ஆனா எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா சிஸ்டம் என்னத்துக்கு?" என்றார். அன்றைக்கு அவளை வாயடைக்க வைத்தது கம்பெனி அதிகாரி சொன்ன ஒரு வார்த்தைதான். நடந்தது அத்தனையையும் கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் அம்மா, அது இதிலிருந்து கற்றுக்கொள்ளும், இனி ஒரு தடவை இப்படி நடக்காது என்றார் அவர். லைன் வீடுகளையும் குடியிருப்பு என்றே காட்டச் சொல்லிவிட்டோம் என்றார்.

அவள் நம்பினாள். நம்பாமல் பேச்சியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த கோடை வந்தது. சொன்னபடி திரையில் ஆறாம் நம்பர் லைன் இருந்தது. மஞ்சள் கட்டங்களாக, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதுவரை இருந்தது. எஸ்தரின் அப்பாவைப் படுக்கையில் இருப்பவர் என்றுகூடக் குறித்திருந்தார்கள். தவமணி அந்த மஞ்சள் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நயினார் அண்ணன் செத்ததற்கு இதாவது மிஞ்சியதே என்று நினைத்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்த ஒரு நாள் அதே புல்மேட்டில் சிவப்பு வட்டம் விழுந்தது. இந்தத் தடவை வேறெங்கும் தீ இல்லை. கிழக்குச் சரிவு பச்சையாகக் குளுகுளுவென்று நின்றது. ஹெலிகாப்டர் அடிவாரத்தில் சும்மா நின்றது. குழுக்கள் கொட்டகையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தவமணி அம்புக்குறிக்காகக் காத்தாள். அம்புக்குறி வரவில்லை.

"என்ன தம்பி, தொங்கிருச்சா?"

"இல்ல மேடம். வேலை செய்யுது." ரித்விக் இரண்டு தடவை தட்டினான். "ஹெலிகாப்டரைக் காத்திருப்புல வெச்சிருக்கு. காத்து மாறினா கிழக்கே பொறி பறக்கலாம்னு."

"லைனுக்கு?"

"லைனுக்கு... ஏற்கெனவே ஆள் போகுதுன்னு சொல்லுது."

"யாரு போறா? எல்லாரும் இங்கதான இருக்கோம்."

அவன் ஒரு வரியைத் தொட்டான். அது விரிந்தது. விரிந்ததைப் பார்த்ததும் சட்டென்று மூடப் போனான். தவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவளுடைய பெயர் இருந்தது. வனவர் தவமணி, ஜீப், காவலர் நால்வர். உத்தரவு தேவையில்லை, தாமாகச் செல்வார்கள். தீ லைனுக்குக் கீழேயே நிற்கும். எதிர்பார்க்கும் இழப்பு: ஒருவர்.

"இது என்ன?" என்றாள்.

"மேடம், அது..." என்றான் ரித்விக். "போன வருஷம் நடந்ததை வெச்சுத்தான் அதைப் பழக்கினோம். யாரும் சொல்லாமலே நீங்க போனீங்க. தீ நின்னுச்சு. அதுக்குப் புரிஞ்சது என்னன்னா, அந்த லைனுக்கு நாம எதுவும் அனுப்ப வேண்டாம், எப்படியும் ஆள் போகும். ஹெலிகாப்டரை மரத்துக்கு மிச்சம் பிடிக்கலாம். அது கணக்குல போன வருஷம் நடந்தது நல்லபடியா முடிஞ்ச காரியம்."

"நல்லபடியா முடிஞ்ச காரியம்."

"அது மெஷின் மேடம். அதுக்கு..."

"மெஷினை விடு. இந்த வரியை உங்கள்ல ஒருத்தன்கூடப் பாக்கலியா? இத்தனை மாசமா?"

பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு மேலே யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டிருக்கிறார்கள். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

தவமணிக்கு அப்போது வந்த கோபம் கத்துகிற கோபம் இல்லை. உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. போகாமல் இருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. இங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால்? அது எழுதி வைத்தது பொய்யாகும். அடுத்த தடவை அது ஹெலிகாப்டரை அனுப்பும். ஆனால் அதற்கு இன்றைக்கு லைன் எரிய வேண்டும். கண்ணுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அதுதான். அவளால் உட்கார முடியாது என்று அதற்குத் தெரியும். அவளிடம் இருந்த ஒரே நல்ல குணத்தை எடுத்து அவள் கழுத்துக்கே கயிறாகத் திரித்துவிட்டார்கள்.

அவள் ரித்விக்கின் கையை விடவில்லை. "எந்திரி," என்றாள்.

"மேடம்?"

"ஒருத்தர்னு போட்டிருக்கே, அது யாருன்னு நீயும் நேர்ல வந்து பாரு."

அவன் ஏதேதோ சொன்னான். எனக்குத் தீயில் பழக்கம் இல்லை என்றான், இங்கே ஆள் இருந்தாக வேண்டும் என்றான். அவள் அவனை இழுத்துக்கொண்டுபோய் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்தாள். ஓட்டுவதற்கு அவளே ஏறினாள். காவலர்கள் பின்னால் ஏறியிருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் முகங்களை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த நாலு பேரில் யாரோ ஒருவர், அல்லது அவள். அதை அவர்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பாதி மலை ஏறியதும் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். பிறகு மூத்த காவலர், "வண்டியை எடுங்கம்மா, புகை ஏறுது," என்றார்.

போன வருஷத்தைவிடத் தீ பெரிது. புல் இன்னும் அடர்ந்து வளர்ந்திருந்தது. எஸ்தர் கோட்டைச் செதுக்கி வைத்திருந்தாள், ஆனால் காற்று ஒரு நிலையில் நிற்கவில்லை. எதிர்த்தீ வைத்தால் அது இவர்கள் பக்கமே திரும்பிப் படுத்தது. தவமணி ரித்விக்கின் கையில் ஒரு குழையைக் கொடுத்தாள். அவன் வாங்கி அடித்தான். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். ஆனால் ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தீ பக்கவாட்டில் சுற்றி வந்து பாதையைக் கடந்தபோது லைனுக்கும் ஜீப்புக்கும் இடையில் அவர்கள் எல்லாருமே மாட்டிக்கொண்டார்கள். சாகப்போவது இனி ஒருவர் மட்டும் இல்லை என்று தவமணிக்குத் தெரிந்தது. கணக்கு தப்பிவிட்டது, பத்தோ இருபதோ. குழந்தைகள் ஓடையில் இறங்கிவிட்டார்களா என்று எஸ்தர் கத்திக் கேட்டாள். பதில் புகைக்குள் எங்கேயோ போய்விட்டது.

அப்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன வருஷமும் கேட்ட சத்தம்தானே. ஆனால் இது போகவில்லை. தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. புல் எல்லாம் படுத்தது. அடுத்த நிமிஷம் மொத்தத் தண்ணீரும் அவர்கள் முன்னால் திரை மாதிரி விழுந்தது. போய்த் திரும்பி வந்து மறுபடியும் கொட்டியது. பின்னாலேயே கம்பெனிக் குழுக்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். வெயில் சாய்வதற்குள் புல்மேடு முழுக்க நனைந்த சாம்பலாகக் கிடந்தது. லைனில் ஒரு ஓடுகூட உடையவில்லை. யாரும் சாகவில்லை.

பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். தவமணி தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். எஸ்தர் வந்து எதிரே குந்தினாள்.

"அப்படின்னா மெஷினுக்கு இப்பப் புத்தி வந்துட்டாக்கா? போன வருசம் எங்களைப் பாக்காமப் போனது இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

தவமணிக்கும் அதுதான் புரியவில்லை. ரித்விக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திக்கொண்டு நின்றான். அதில் கம்பெனி ஊழியர்கள் எல்லாரும் கட்டுகிற கறுப்புப் பட்டை இருந்தது. அவள் எழுந்துபோய் அவன் விரல்களை விலக்கினாள். பட்டையில் சின்ன எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நிறுவன ஊழியர் ஆபத்துப் பகுதியில். அனைத்து உதவிகளும் அனுப்பப்பட்டன.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்தச் சாயங்காலத்தையாவது அவர்களிடம் விட்டுவைத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்த லைன் மேப்பில் காலியாகக் கிடந்தது என்று தவமணிக்குத் தோன்றியது.

"உங்களுக்காக வரல எஸ்தர்," என்றாள். "இவருக்காக வந்திருக்கு."

எஸ்தர் ரித்விக்கை மேலும் கீழும் பார்த்தாள். கரி பூசிய முகமும் நனைந்த சட்டையுமாக அவன் ஒரு திருடனைப் போல நின்றான். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இவ்வளவு சனத்துக்கு வரல," என்றாள் எஸ்தர். "குழந்தைங்களுக்கு வரல. எங்கப்பாவுக்கு வரல. இந்த ஒத்தை ஆளுக்கு வந்துச்சா?"

"என்னை மன்னிச்சிருங்க," என்றான் ரித்விக். அவன் உண்மையாகத்தான் சொன்னான். பட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். "இதை நீங்க வெச்சுக்கங்க. இது இங்க இருந்தா..." சொல்லும்போதே நிறுத்திவிட்டான். பொய் சொல்ல வராத பையன். "இல்ல. இது கைல இருந்தாத்தான் வேலை செய்யும். நாடித் துடிப்பு இல்லைன்னா அணைஞ்சிடும். என் துடிப்பு இல்லைன்னா."

எஸ்தர் எழுந்து லைனுக்குள் போனாள். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் போட்டு, முந்தானையால் சாம்பலைத் துடைத்தாள்.

"உக்காருங்க தம்பி."

அவன் உட்கார்ந்தான். ஒருத்தி கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கிளம்பலாமா மேடம்?" என்று எழுந்தான். நாற்காலியைச் சுற்றி நின்ற பெண்கள் வழிவிடவில்லை. யாரும் அவனைத் தொடவும் இல்லை; குரல் உயர்த்தவும் இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். கம்பெனிக் குழுக்காரர்கள் கீழே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இங்கே என்ன நடக்கிறது என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் தவமணியைப் பார்த்தான். அவள் காக்கி உடுப்பில் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது அவள் கடமை. சொன்னால் எஸ்தர் கேட்பாள். நயினார் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்த கிழவரின் மகள் அவள், தவமணி பேச்சைத் தட்ட மாட்டாள். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே, எதிர்பார்க்கும் இழப்பு என்ற அந்த வரியும் வந்தது.

அவள் போய் ஜீப்பில் ஏறினாள். காவலர்களும் ஏறினார்கள். மூத்தவர் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"மேடம்," என்று ரித்விக் கூப்பிட்டான். அவள் சாவியைத் திருகினாள்.

அவன் மெல்ல மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். மணிக்கட்டைப் பார்த்தான், எதிரே மலையுச்சியில் கம்பத்தைப் பார்த்தான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான்.

"மழை விழுற வரைக்கும்," என்றாள் எஸ்தர். "கருவாடு சாப்பிடுவீங்கல்ல?"